பாஸ் சொன்ன வாய்

மயில் அவர்களைப் பார்க்கவில்லை. கம்பி வலையை ஒட்டி நாலைந்து பிள்ளைகள் பொரிப் பொட்டலத்தை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டும், அது கழுத்தைத் திருப்பி, மரங்கள் அடர்ந்த பின்மூலையைப் பார்த்தபடியே நின்றது. மயிலுக்குக் கர்வம் அதிகம் என்று ஷமீமா நினைத்துக்கொண்டாள். அடுத்த அடைப்பில் புள்ளிமான்கள். பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் அதே மூலையைப் பார்த்து நின்றன. அதற்கடுத்துக் குரங்குகள். குரங்கு என்றால் ஓர் இடத்தில் உட்காருமா? உட்கார்ந்திருந்தன. மனிதர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல வரிசையாக, அந்த மூலையைப் பார்த்து.

பயப்படாமல் கேளுங்கள், கண்ணுகளா. அப்போது காலை பதினொரு மணிதான். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. சிமெண்டு டைனோசர் மேல் ஏறிப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நகரத்து நடுவில் இருக்கிற சின்ன மிருகக்காட்சி சாலை அது. ஒரு முறை சுற்றிவர முக்கால் மணி நேரம் போதும்.

ஷமீமாவுக்குப் பயம் இல்லை. அன்றைக்கு அவளுக்கு எதுவுமே இல்லை. அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங் பார்க்கிறவள். ஷிப்மெண்ட் என்று ஆறு நாள் தொடர்ந்து ஒன்றரை ஷிஃப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் எழுந்திருப்பாள். சனிக்கிழமை பெட்டிகள் லாரி ஏறியதும், சூப்பர்வைசர் பிரபாகர் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை டூர் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். கண் திறந்திருந்தது, கால் நடந்தது, அவ்வளவுதான். மரத்துப்போன கையைக் கிள்ளிப் பார்த்தால் வேறு யாருடைய கையோ போலிருக்குமே, அன்றைக்கு அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் மேசைமேல் விரிக்க வேண்டும். கழுத்துப் பட்டி, இரண்டு தோள், இரண்டு கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. பிறகு புரட்டி முதுகு. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ‘ஆல்டர்’ என்று சொல்லி இடப்பக்கம் போட வேண்டும். அது தையலுக்குத் திரும்பிப் போகும். ஒரு குறையும் இல்லாவிட்டால் ‘பாஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லி வலப்பக்கம். சொன்னால்தான் வலப்பக்கம் நிற்கிற ரங்காத்தாள் எடுத்து மடிப்பாள். பாஸ் சொன்ன பீஸ் திரும்பி வராது. மடித்து, கவரில் போட்டு, பெட்டியில் அடைத்து, அது தன் வழியே போய்விடும். நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி, மனசைக் கேட்காமலே சொல்கிற வாயாக அவள் வாய் ஆகிவிட்டிருந்தது.

மிருகக்காட்சி சாலையிலும் அது நிற்கவில்லை. மயிலின் கழுத்து, இரண்டு சிறகு, தோகை என்று கண் தானாக இறங்கியது. “பாஸ்” என்றாள். தான் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. ரங்காத்தாள் கேட்டுவிட்டாள். ஐம்பது வயதுக்காரி, வாய் சும்மா இருக்காது. “இவளச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாக்கூட, கதாநாயகனப் பொரட்டி முதுகப் பாத்துட்டுத்தான் பாஸ் போடுவா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஷமீமாவின் மகள் ஹாஜிராவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஏழு வயது, மஞ்சள் ஃபிராக், வேனில் ஏறியதிலிருந்து குச்சி ஐஸ் குச்சி ஐஸ் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது ஒவ்வொரு கூண்டின் முன்னும் அம்மாவின் கையை இழுத்து நிறுத்தினாள். மான், பாஸ். ஆமை, பாஸ். முள்ளம்பன்றிக்கு ஒரு பக்கம் முள் உதிர்ந்திருந்தது.

“ஆல்டர்.”

“முள்ளம்பன்னிய யாரும்மா தெச்சுக் குடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டு ஹாஜிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஷமீமாவின் காது வரைக்கும் வந்தது. உள்ளே போகவில்லை. நாளைக்குத் தூங்கி எழுந்து இந்தச் சிரிப்பை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் தக்காளிச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க மரநிழலுக்குப் போனார்கள். ஹாஜிரா மட்டும் நகரவில்லை.

“எல்லாமே அங்கயே பாக்குதேம்மா. அங்க என்ன இருக்குது?”

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் சாப்பிட உட்காருவாள் என்றுதான் ஷமீமா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூடிக் கிடந்த மீன் காட்சிக் கட்டடத்தைச் சுற்றி ஒரு மண் பாதை போனது. தூங்குமூஞ்சி மரங்கள் மேலே ஒன்றோடு ஒன்று பின்னி வெயிலை நிறுத்தியிருந்தன. கீழே சருகு கணுக்கால் வரைக்கும் கிடந்தது, ஆனால் மிதித்தால் நொறுங்குகிற சத்தம் வரவில்லை, ஈரத் துணியை மிதித்த மாதிரி அமுங்கியது. பத்தடி தள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தது, பொரிக்காரரின் மணி, சாலையில் பஸ் ஹாரன், எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கம்பெனியில் கரண்ட் போய் அத்தனை மிஷினும் நின்றதும் காதுக்குள் ஒரு வெறுமை விழுமே, அப்படி விழுந்தது. பாதை முடிகிற இடத்தில் ஒரு கூண்டு. பெயர்ப் பலகைமேல் பச்சைப் பெயிண்ட் பூசி மறைத்திருந்தார்கள். வாசலில் புதுப் பூட்டு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காக்கிச் சட்டை போட்ட வயதான ஓர் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சின்னான் என்று பெயர் குத்தியிருந்தது.

அவர் ஷமீமாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். எழுந்து வழியை மறிக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. மறிக்கவில்லை.

“பாக்கறதுன்னா பாத்துட்டுப் போங்க அம்மிணி. வாய மட்டும் தொறக்க வேண்டாம்.”

சத்தம் போட்டால் மிருகம் மிரளும் என்கிறார் என்று ஷமீமா எடுத்துக்கொண்டாள். தலையாட்டினாள். ஹாஜிராவின் கையை இடது கையில் பிடித்துக்கொண்டு கம்பியருகே போனாள். பிள்ளையின் கை சூடாக, பொரி உப்புப் பிசுபிசுப்போடு இருந்தது.

உள்ளே சிமெண்டுத் தரை, தண்ணீர்த் தொட்டி, பின்னால் குகைபோல ஓர் இருட்டு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருட்டில் ஓர் இடம் மற்ற இருட்டைவிடக் கெட்டியாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை உயரம் இருக்கும். அது என்ன என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் ஆறு நாளாகப் பூட்டிக் கிடந்தது. கண் மட்டும் இறங்கியது. கழுத்து. இரண்டு தோள், ஒரு நூல் வித்தியாசம் இல்லாத தோள்கள். இரண்டு கை, ஒரே நீளம். பக்கங்கள். அடி.

அப்போது அது மெதுவாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டியது.

புரட்டிக் காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்கட்டும் என்று நின்றது. முதுகிலும் ஒன்றுமில்லை. பதினோரு வருஷச் செக்கிங்கில் இப்படி ஒரு பீஸை அவள் பார்த்ததில்லை. எதிலும் ஒரு பிசிறாவது இருக்கும், ஒரு முடிச்சாவது இருக்கும். இதில் இல்லை. அது மறுபடி முன்பக்கம் திரும்பியது. காத்திருந்தது.

“பாஸ்” என்றாள் ஷமீமா.

அவள் கைக்குள் இருந்த கை இல்லாமல் போனது. ஒரே ஒரு நொடி. மிஷினில் நூல் அறுந்து, ஊசி வெறும் துணியில் ஒரு தையல் போடுமே, அந்த அளவு நேரம். மறு நொடி கை இருந்தது. அவள் விரல்களை இறுக்கிக்கொண்டது.

இதைக் கேட்கும்போது உங்கள் கையை யாராவது பிடித்திருந்தால் விட்டுவிடாதீர்கள்.

சின்னான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். “என்னம்மிணி சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. வேலப் பழக்கமுங்க.”

அவர் அவளைத் தாண்டிப் போய், கம்பியில் நெற்றியை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலே, “ஒரே புள்ளைங்களா உங்களுக்கு?” என்றார்.

“ஆமாங்க.”

ஷமீமா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். கட்டடத்து முனை வருகிறபோது அவர் குரல் பின்னால் கேட்டது. அவளிடம் பேசவில்லை. கூண்டுக்குள், மிகவும் தணிவாக, “அழுவாத சாமி, அழுவாத” என்றார். மிருகங்களிடம் அப்படித்தான் பேசுவார்கள் போல என்று அவள் நினைத்தாள். மெனக்கெட்டுக் காது கொடுத்தும் அழுகைச் சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

வெயிலுக்கு வந்தார்கள். குரங்குகள் திரும்பியிருந்தன.

இப்போது அவை மூலையைப் பார்க்கவில்லை. அவர்கள் நடக்க நடக்க அத்தனை தலையும் கூடவே திரும்பியது. ஷமீமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், அவளுக்கு இடப்பக்கம். மான்கள் திரும்பின. மயில் திரும்பியது. வயிற்றுக்குள் எங்கேயோ, ரொம்பத் தூரத்தில், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அவளுக்கு இருந்தது. தட்டுவது பயம் என்று தெரிந்தது. எழுந்து போய்த் திறக்கத்தான் தெம்பு இல்லை.

ஐஸ் வண்டியைத் தாண்டினார்கள். ஹாஜிரா கேட்கவில்லை. ரங்காத்தாளே ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தாள். ஹாஜிரா அதை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐஸ் உருகி முழங்கை வழியாக ஒழுகித் தரையில் சொட்டி, கடைசியில் குச்சி மட்டும் மிஞ்சியது. அதையும் அப்படியே பிடித்திருந்தாள். வெயில் தாக்கிவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. பிரபாகர் தலை எண்ணினார், கணக்குச் சரியாக இருந்தது. கண் சொருகிக்கொண்டு வரும்போது ஷமீமா ஜன்னல் வழியே கடைசியாக ஒன்றைப் பார்த்தாள். சின்னான் அந்த மண் பாதையில் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் தண்ணீர் வாளி. இன்னொரு கையில் பால்பன் ஒன்றும் ஒரு குச்சி ஐஸும். ஐஸ் தின்கிற மிருகமும் உண்டா என்று நினைத்தாள். அதற்குள் தூக்கம் அவளை இழுத்துக்கொண்டது. அனுப்பர்பாளையம் வரும்வரை விழிக்கவில்லை. அவ்வளவு நேரமும் பிள்ளை அவள் மடியில் அசையாமல் உட்கார்ந்திருந்ததாக ரங்காத்தாள் பிறகு சொன்னாள்.

வீடு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஒரே அறை, ஓரமாக ஒரு சமையல் மேடை, பின்னால் குளிக்கிற இடம். கணவர் கியாசுதீன் அதே கம்பெனியில் கட்டிங். ஷிப்மெண்ட் களைப்பில் பகலெல்லாம் தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தார். பிள்ளை தலையைத் தடவிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்.

ஷமீமா வெந்நீர் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். நாற்பது வாட் பல்பு. நீராவி. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். ஃபிராக்கைக் கழற்றியதும் கண் வழக்கம்போல இறங்க ஆரம்பித்தது. தடுக்க முடியவில்லை. கழுத்து. தோள். கை.

ஹாஜிராவின் வலது முழங்கையில் அயர்ன் பாக்ஸ் பட்ட தழும்பு உண்டு. மூன்று வயதில் பட்டது, கண்ணீர்த்துளி வடிவத்தில்.

இல்லை.

சோப்பு நுரை மூடியிருக்கும் என்று தண்ணீர் ஊற்றினாள். இல்லை. இடது முழங்கையாக இருக்குமோ என்று, பெற்றவளுக்கே சந்தேகம் வந்து, அதையும் பார்த்தாள். இல்லை. காது குத்தியபோது பிள்ளை தலையை ஆட்டிவிட்டதால் இடது காதுத் துளை ஒரு பட்டாணி அளவு கீழே இறங்கியிருக்கும். தோடு போட்டால் கோணலாகத் தொங்கும். இப்போது இரண்டு தோடும் ஒரே உயரத்தில் மின்னின. இடது புருவத்தில் அலமாரி முனை இடித்த வெட்டு. அந்த இடத்தில் முடி முளைக்காது.

முளைத்திருந்தது.

முதுகைப் பார்க்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை, நினைத்தாள். அது மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டியது.

அப்போதுதான் கதவு திறந்தது. வயிற்றுக்குள் தட்டிக்கொண்டே இருந்ததே, அந்தக் கதவு. வாளி. பால்பன். குச்சி ஐஸ். அழுவாத சாமி. பூட்டு. கம்பியில் நெற்றியை வைத்து அந்த ஆள் உள்ளே யாரைப் பார்த்தார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சத்தம் வெளியே வராத ஓர் இருட்டுக்குள், மஞ்சள் ஃபிராக்கோடு, அம்மா தன்னை விட்டுவிட்டு இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றிருந்தது யார் என்று.

துண்டை அதன்மேல் போட்டுவிட்டு, ரங்காத்தாளுக்குப் போன் அடித்தாள். “அக்கா, என்ற புள்ள அங்கயே இருக்குது. அந்தக் கடைசிக் கூண்டுல.”

ரங்காத்தாள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். “மடியில வெச்சுட்டுத்தான கண்ணு வந்தே. நாந்தான் எறக்கியே உட்டேன். ஆறு நாளு தூங்காத கண்ணு, எதையாச்சும் காட்டும். படு, காத்தால பேசிக்கலாம்.”

கியாசுதீனைக் கூப்பிட்டாள். போன் அறைக்குள்ளேயே, தலையணை அடியில் அடித்தது.

காலை வரைக்கும் இருக்க முடியாது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து பஸ். வாசல் பூட்டியிருந்தால் சுவரேறிக் குதிக்கலாம். அந்த ஆளின் காலில் விழலாம். பாஸ் சொன்னது தப்பு, நான் பார்த்தது சரியில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூண்டின் முன்னால் நின்று தொண்டை கிழியச் சொல்லலாம். புர்காவை மாட்டினாள். செருப்பைப் போட்டாள். கைப்பையைத் தேடினாள்.

பை கட்டில்மேல் திறந்து கிடந்தது.

கதவுக்கு முன்னால் அது நின்றது. துண்டைச் சுற்றிக்கொண்டு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. கையில் நூல் வெட்டுகிற ட்ரிம்மர், செக்கிங் பெண்கள் எல்லாரும் பையில் வைத்திருக்கிற, விரல் நீளக் கத்திரி.

“தேடறீங்களேம்மா” என்றது. ஹாஜிராவின் குரல். பிசிறில்லாத குரல். “எங்க இருக்கோணும்?”

ட்ரிம்மரின் நுனியை வலது புருவத்தில் வைத்தது.

“இங்கயா?”

ஷமீமா தலையை அசைக்கவில்லை. கண்தான் அசைந்தது. இடப்பக்கம். நூலிழை அளவு. அது பார்த்துவிட்டது. நுனி நெற்றி வழியாக இடது புருவத்துக்கு நகர்ந்தது. போன வழியெல்லாம் தோல் திறந்தது. ரத்தம் இல்லை. பின்னல் துணியில் ஓட்டை விழுந்தால் ஓரங்கள் சுருண்டு விலகுமே, அப்படி விலகியது. உள்ளே சதை இல்லை. உள்ளே அந்தக் குகை.

“இங்கயா?”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். என்ற புள்ளையக் குடு என்று கேட்க வேண்டும். சொற்கள் எல்லாம் நெஞ்சில் இருந்தன. வாய் வேறு இடத்தில் இருந்தது. தெருவில் கியாசுதீனின் டிவிஎஸ் வந்து நின்றது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம். அவர் காலடி. ஒன்று. இரண்டு. கண் இறங்கியது. புருவம். முனை. இடம் சரியில்லை.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றது ஷமீமாவின் வாய்.

அது சிரித்தது. காலையில் கேட்ட அதே சிரிப்பு. நுனியைக் கொஞ்சம் கீழே இறக்கி அழுத்தியது. பிறகு ட்ரிம்மரை அவள் கையில் கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்து, தலையைச் சாய்த்து, இடது காதை அவளுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது.